பெண்ணின் அப்பா ஊரில் இல்லை

என் மகளைப் பெண் பார்க்க ஆரணியிலிருந்து வந்தவர்களிடம், பெண்ணின் அப்பா அவசர வேலையாக பெங்களூர் போயிருப்பதாகச் சொல்லப்பட்டது. அந்த நேரத்தில் பெண்ணின் அப்பா அதே வீட்டு மாடியில், கழுத்தில் துளசி மணி மாலையோடு, இத்தாலிக்காரராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கால் மரத்துப்போயிருந்தது. அந்த அப்பா நான்தான்.

இத்தாலி எனக்கு மச்சான் ஒதுக்கிய நாடு. மனைவியின் தம்பி. ஏன்டா இத்தாலி என்று கேட்டதற்கு, "ஜெர்மனின்னு சொன்னா உங்க உயரம் பத்தாது மாமா" என்றான்.

நான் பிறந்தது கறுப்பாக. மாநிறம் என்றெல்லாம் மழுப்ப முடியாத, நம்பிக்கையான கறுப்பு. பள்ளிக்கூட குரூப் போட்டோவில் பல்லை வைத்துத்தான் என்னை அடையாளம் காட்டுவார்கள். ஆனால் எனக்குப் பெண் தேடியபோது, "கொஞ்சம் செவப்பா பாருங்க" என்று தரகரிடம் கூசாமல் கேட்டவனும் நான்தான். அதனால் பின்னால் வரப்போகிற யாரையும் பார்த்து நான் ரொம்ப முகம் சுளிக்க முடியாது.

கல்யாணமாகி மகள் பிறந்த பிறகு உதட்டோரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு வந்தது. பால் குடித்துவிட்டு வாயைத் துடைக்கவில்லை என்று மனைவி முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள். அப்போதும் போகவில்லை. பிறகு விரல் நுனிகளில் வந்தது, கண்ணைச் சுற்றி வந்தது, கழுத்தில் இறங்கியது. உடம்பு உலக வரைபடம் போல ஆயிற்று. டாக்டர் இதை வெண்புள்ளி என்றார். தோலில் நிறம் உண்டாக்கும் சமாசாரம் வேலைநிறுத்தம் செய்கிறது, அவ்வளவுதான், யாருக்கும் ஒட்டாது என்றார். ஊர் இதை வெண்குஷ்டம் என்றது. குஷ்டத்துக்கும் இதற்கும் ஒரு உறவும் இல்லை. ஆனால் ஊர் வைத்த பெயரை டாக்டர் வந்து மாற்ற முடியுமா?

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குப் போகிற வழியில் எனக்கு ஜெராக்ஸ் கடை. மனு கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம்தான் பிரதி எடுப்பார்கள். எடுத்த தாளை நான் நீட்டினால், செத்த எலியை வாலில் பிடிப்பது போல ஓரத்தில் பிடித்து வாங்குவார்கள். பக்கத்து டீக்கடையில் எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ், எனக்கு மட்டும் பேப்பர் கப். "உங்களுக்கு ஸ்பெஷலுங்க" என்பார் கடைக்காரர், கண்ணைப் பார்க்காமல். முடிவெட்டுகிறவர், "ஷேவிங் மட்டும் வீட்லயே பண்ணிக்கோங்க சார், உங்க ஸ்கின்னுக்கு அதான் நல்லது" என்று திடீரென்று தோல் டாக்டர் ஆனார். செங்கம் பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். பையை வைத்துக்கொள்வேன், கலெக்டர் மாதிரி காலை நீட்டிக்கொள்வேன். வசதிதான். வீட்டுக்கு வந்த பிறகு சோறு இறங்கத்தான் கொஞ்சம் நேரமாகும்.

காரணம் சொல்லாதவர்கள் இல்லை. மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டதால்தான் வந்தது என்றார் ஒருவர். போன ஜென்மத்தில் பாம்பை அடித்திருப்பாய் என்றார் இன்னொருவர். இந்த ஜென்மத்தில் பாம்பைக் கண்டால் மேசை மேல் ஏறுகிற நான், போன ஜென்மத்தில் அவ்வளவு வீரனாக இருந்திருக்கிறேன் என்பதில் எனக்கு ரகசியப் பெருமை.

இப்படியே வருஷங்கள் போய், ஒரு கட்டத்தில் வெள்ளை முழுசாக ஜெயித்துவிட்டது. முகத்தில், கையில், எங்கேயும் பழைய கறுப்பு இல்லை. வெயிலில் நின்றால் வேகவைத்த இறால் நிறத்துக்குப் போனேன். தலைமுடியும் நரைத்துவிட்டதா, அவ்வளவுதான். நாங்கள் குடியிருப்பது ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற தெருவில். ஒருநாள் பால் வாங்க ரோட்டுக்கு வந்தேன். ஆட்டோ ஒன்று ஓரம் கட்டியது. "ஹலோ சார்! குட் மார்னிங் சார்! டெம்பிள்? மவுண்டன்?"

திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. என்னைத்தான்.

அன்று முதல் நான் வெளிநாட்டுக்காரன். கோயிலில் ஒரு வழிகாட்டி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு கோபுரமாக ஆங்கிலத்தில் விளக்கினார். கையைப் பிடித்து! பல வருஷமாக மனைவியும் மகளும் டாக்டரும் தவிர யாரும் தொடாத கை. பிறந்ததிலிருந்து போய்வருகிற கோயில். அவர் சொன்னதில் பாதி எனக்கே புதுசு. நடுவில் உண்மையைச் சொன்னால் பாவம் மனம் ஒடிந்துபோவார் என்று கடைசிவரை "ஓ, ஓ" என்று கேட்டுக்கொண்டேன். ஆசிரமத்துப் பக்கத்துக் காபிக் கடை ஒன்றில் பீங்கான் கோப்பை, அதற்குக் கீழே சாசர், ஓரத்தில் ஒரு செம்பருத்திப் பூ. அதே தோல்தான். பாதி வெள்ளையாக இருந்தபோது பேப்பர் கப், முழு வெள்ளையானதும் பீங்கான். வியாதி முற்றினால் மரியாதை வரும் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை.

இதெல்லாம் சிரித்துக்கொண்டு கழிக்கக்கூடிய விஷயம். மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோதுதான் சிரிப்பு நின்றது.

முதலில் வந்த இடத்தில் எல்லாம் பேசி முடித்துவிட்டு, தெருவில் யாரோ சொல்லி என் கதை தெரிந்து, மறுநாளே ஜாதகம் பொருந்தவில்லை என்றார்கள். வந்ததே பொருத்தம் பார்த்துவிட்டுத்தான். மகள் அதைத் தோளைக் குலுக்கித் தள்ளிவிட்டாள். அவளுக்கு அந்தப் பையன் யாரென்றே தெரியாது. ஆனால் இந்த ஆரணிப் பையன் அப்படி இல்லை. காலேஜில் ஒன்றாகப் படித்தவன், இப்போது வேலூரில் இவளோடு ஒரே கம்பெனியில் வேலை. அவன் போன் வந்தால் இவள் சமையலறையிலிருந்து மொட்டைமாடிக்குப் போகிற வேகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது. இது கைவிட்டுப் போனால் இவள் தோளைக் குலுக்க மாட்டாள்.

பையனுக்கு அப்பா இல்லை. அம்மாதான் எல்லாம். அந்த அம்மா ரொம்பக் கண்டிப்பு என்று கேள்விப்பட்டதும் மச்சான் கூட்டம் போட்டான்.

"மாமாவை அன்னிக்கு ஒருநாள் வேலூர் அனுப்பிடலாம்" என்றாள் மனைவி, என் முகத்தைப் பார்க்காமல்.

"இன்னாத்துக்கு அனுப்பணும்? மாடி ரூம் காலியாத்தான கீது? வெளிநாட்டுக்காரர் வாடகைக்கு இருக்காருன்னு சொல்லிடலாம். யாரு கேக்கப் போறாங்க?" என்றான் மச்சான்.

"மாமா வாயத் தொறந்தா?"

மச்சான் அதற்கும் வழி வைத்திருந்தான். எங்கள் பக்கத்தில் தியானத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களில் சிலர் மௌன விரதம் இருப்பார்கள். யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருக்க, 'மௌனம்' என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டு திரிவார்கள். மாடியில் முன்பு வாடகைக்கு இருந்த ஒரு வெளிநாட்டு அம்மா அப்படி ஒரு அட்டையை அலமாரியில் விட்டுவிட்டுப் போயிருந்தார். மச்சான் அதைத் துடைத்து என் சட்டையில் குத்தினான்.

மகள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ப்பா, அவனுக்கு உன்னப் பத்தி எல்லாம் தெரியும்பா. அவங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன். இந்தக் கூத்து வேணாம்."

"ஒரே ஒரு நாள்தான் கண்ணு. எனக்கும் இத்தாலி போனா மாதிரி இருக்கும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

வந்தது பையன், அவன் அம்மா, அவர் மாமா என்று கூப்பிடும் பெரியப்பா. நான் மாடியில் உட்கார்ந்து, கீழே பஜ்ஜி பொரிகிற வாசனையை மட்டும் அனுபவித்துக்கொண்டிருந்தேன். மச்சானுக்கு ஒரு குறை உண்டு. பொய்யை அளவோடு நிறுத்தத் தெரியாது. கீழேயிருந்து அவன் குரல் நன்றாகக் கேட்டது.

"மேல ஒருத்தர் இருக்காருங்க. இத்தாலி. பெரிய கோடீஸ்வரர். எல்லாத்தையும் உட்டுட்டு வந்துட்டாரு. வருஷக்கணக்கா மௌனம்."

"மௌன சாமியா!" என்றது ஒரு பெண் குரல். "முன்னாடியே சொல்லக் கூடாது? ஒரு ஆசீர்வாதம் வாங்கிக்கினு வந்துடலாம் மாமா, வாங்க."

படிகளில் காலடிச் சத்தம். நான் அவசரமாகக் கண்ணை மூடினேன்.

பையனின் அம்மாவும் பெரியப்பாவும் என் எதிரே பாயில் உட்கார்ந்தார்கள். பின்னால் மச்சான், வியர்த்துக்கொண்டு. அந்த அம்மா என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். நான் சாமிகள் செய்வது போல லேசாகச் சிரித்தேன்.

"இன்னா கலரு பாருங்க மாமா! வெண்ணெய் மாதிரி" என்றார் அந்த அம்மா.

"தேஜஸ்ம்மா. தபஸ் பண்ணா வர்றது" என்றார் பெரியப்பா.

மச்சானுக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று கீழே இறங்கிவிட்டான், துரோகி. சாமிக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் இருவரும் குடும்ப விஷயத்தை அங்கேயே எடுத்தார்கள்.

"பொண்ணு நல்லாத்தான் கீது. மூக்கும் முழியுமா லட்சணம். கலருதான் கம்மி."

"கம்மின்னா, ரொம்ப ஜாஸ்தியா கம்மி" என்றார் பெரியப்பா. "அம்மாக்காரி செவப்பு. அப்ப அப்பன்தான் கறுப்பா இருக்கணும். இன்னிக்குன்னு பாத்து பெங்களூருக்குப் போயிட்டானாம். நம்மளுக்குத் தெரியாதா? கரிக்கட்டையா இருப்பான், அதான் ஒளிச்சு வெச்சிக்கிறாங்க."

வாழ்க்கையில் சிரிப்பை அடக்குவதற்கு நான் அவ்வளவு கஷ்டப்பட்டது அன்றுதான். மகளிடம் இருப்பது என் பழைய கலர். என்னை விட்டுப் போனது அவளிடம் பத்திரமாக இருக்கிறது என்று நான் தினம் பார்த்துச் சந்தோஷப்படுகிற கலர். அதை ஒருவர் என் முன்னாலேயே எடை போட்டுக் குறை என்கிறார், என் வெள்ளையைப் பார்த்துக் கும்பிடுகிறார். சிரிப்பும் வேறொன்றும் கலந்து மூக்கில் ஏறியது.

"பையன் ஒத்தக் கால்ல நிக்கிறான். வேணாம்னா சாப்புட மாட்டான்" என்றார் அம்மா. "எனக்குப் பேரப்புள்ளைங்கள நெனச்சாத்தான் பயமா கீது. எல்லாம் அந்தப் பொண்ணு மாதிரி பொறந்துட்டா?" பிறகு என் பக்கம் நகர்ந்து, கையைக் குவித்து, கண்ணில் நீரோடு என்னைப் பார்த்தார். "சாமி, உங்களுக்கு எங்க பாஷ புரியாது. ஆனா மனசு புரியும். பொறக்கற புள்ள அப்படியே உங்க கலர்ல பொறக்கணும். ஆசீர்வாதம் பண்ணுங்க சாமி."

என் கை பாதி உயர்ந்துவிட்டது, வேஷத்தின் தோஷம். பிறகு என்னையறியாமல் வாய் திறந்தது.

"அந்த ஆசீர்வாதம் மட்டும் வேணாம்மா. பலிச்சுடும்."

பெரியப்பா தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"மௌனம் கலஞ்சிருச்சு! நம்ம பையனுக்காகக் கலச்சிருக்காரு! அதுவும் தமிழ்ல!"

"ஐயா, எந்திரிங்க. நான் சாமி இல்ல. நான்தான் பொண்ணோட அப்பா."

"கேட்டியாம்மா? எல்லாத்தையும் தன் பொண்ணா நெனைக்கறாரு! இன்னா மனசு!"

"ஐயோ, நெஜமா அப்பாங்க! பெத்த அப்பா! வேங்கிக்கால்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன்!"

"ஜெராக்ஸ்னா? எல்லா உயிரும் ஒண்ணோட பிரதின்னு சொல்றாருமா" என்று தரையில் இருந்தபடியே பெரியப்பா விளக்கம் சொன்னார். இவரிடம் இனி பேசிப் பயனில்லை. நான் வேட்டியை முழங்கால் வரை தூக்கினேன். இடது கெண்டைக்காலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு இடம் மட்டும் இன்னும் பழைய கறுப்பாக இருக்கிறது. மற்ற இடமெல்லாம் சரணடைந்த பிறகும் அது மட்டும் கோட்டையை விடாமல் நிற்கிறது.

"பாருங்க. இதுதான் என் சொந்தக் கலரு. மீதியெல்லாம் அப்புறம் வந்தது."

அந்த அம்மா குனிந்து பார்த்தார். சட்டென்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாயின் ஓரத்துக்கு நகர்ந்தார்.

"ஐயய்யோ, சாமிக்குக் கருந்தேமல்! மாமா, தொடாத வாங்க! இது பரவுமா?"

என் வாழ்நாளில் நான் பிறந்த கலருக்கு யாரும் பரவுமா என்று கேட்டதில்லை. நிஜமான மௌனம் எனக்கு அப்போதுதான் வந்தது.

அதற்குள் மச்சான் கீழே போய் உளறியிருக்க வேண்டும். மகள் படியேறி வந்தாள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் காபி டம்ளரோடு. பின்னாலேயே பையன். அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து என் முன்னால் டம்ளரை வைத்து, "ப்பா, காலையிலருந்து ஒண்ணுமே குடிக்கலியே, குடிப்பா" என்றாள். பிறகு என் நெஞ்சில் இருந்த அட்டையைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தாள்.

பிறகு அந்த அம்மாவின் எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். இது வெண்புள்ளி, தொட்டால் ஒட்டாது, அப்பா பெங்களூர் போகவில்லை, சொன்னது பொய், மன்னிக்க வேண்டும், ஆனால் முதல் இடம் இதனால்தான் போனது. பெரியப்பா எழுந்து வேட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டார். விழுந்து கும்பிட்டதை எப்படித் திரும்ப வாங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"டேய், உனக்கு இது தெரியுமா?" என்று அம்மா மகனைக் கேட்டார்.

"காலேஜ்லயே தெரியும்மா."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா வந்திருப்பியா?"

அவர் மகனை விட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்தார், நேராக. "புள்ளைங்களுக்கு வருமாங்க?"

இத்தனை வருஷத்தில் முதுகுக்குப் பின்னால் கேட்காமல் என்னிடமே கேட்ட முதல் ஆள் அவர். மரியாதையாகப் பதில் சொன்னேன். "வரலாம், வராமலும் போலாம். டாக்டரே அப்படித்தாம்மா சொல்றாரு. என் பொண்ணுக்கு இதுவரைக்கும் இல்ல."

அவர் யோசித்தார். பிறகு சந்தையில் கத்திரிக்காய்க்குப் பேசுகிறவர் போல ஆரம்பித்தார்.

"சரி. மண்டபத்துக்கு எங்க சனம் நெறைய வரும். நீங்க இப்ப இருக்கற மாதிரியே, இத்தாலியாவே வந்துடுங்களேன். வெள்ளக்கார சாமி வந்து ஆசீர்வாதம் பண்ணாருன்னா எங்களுக்கும் கௌரவம்."

"அப்போ அப்பா, ஆன்ட்டி?" என்றாள் மகள்.

"பெங்களூர்லயே இருக்கட்டும்."

"பெங்களூர்லருந்து கைய நீட்டித்தான் என்னைத் தாரை வாத்துக் குடுப்பாரா?"

"அப்ப சரி, அப்பாவாவே வரட்டும். முழுக்கைச் சட்டை போட்டுக்கட்டும். கைக்கு வெள்ளை கிளவுஸ்..."

"போட்டாலும் வித்தியாசம் தெரியாதுங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பையன் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"போட்டோல மட்டும் கொஞ்சம் ஓரமா..."

மகள் எழுந்துவிட்டாள். பேசியது அந்த அம்மாவிடம், பார்த்தது பையனை. "அப்பா அப்பாவாத்தான் வருவாரு. நடுவுலதான் நிப்பாரு. இல்லன்னா எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

எனக்கு அப்போது இத்தாலிக்கே ஓடிவிடலாம் போலிருந்தது. ஓரமாக நிற்பதில் எனக்கு என்ன கஷ்டம்? நல்ல பழக்கம் உண்டே. அதைச் சொல்ல வாயெடுத்தேன். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். காபியை எடுத்துக் குடித்தேன்.

பையன் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

யார் மனமும் மாறியதாக எனக்குத் தெரியவில்லை. பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்ததுதான் நடந்தது. "ராகுகாலம் வரப் போவுதும்மா. நாளைக்கு ஆடி பொறந்துடும். இப்ப தட்டு மாத்துனா உண்டு, இல்லன்னா ஒரு மாசத்துக்கு ஒண்ணும் பேச முடியாது. இவன் அதுவரைக்கும் சோறு திங்க மாட்டான்."

அந்த அம்மா பெருமூச்சு விட்டார். "கீழ போலாம், வாங்க" என்றார். என்னைத்தான்.

ஹாலில் மனைவி அவசரமாகத் தட்டு எடுத்து வைத்தாள். வெற்றிலை பாக்கு, பூ, பழம், அப்போதுதான் கழுவிய தேங்காய். பெண் வீட்டுத் தட்டை நான் நீட்ட வேண்டும், பையனின் அம்மா வாங்க வேண்டும். மச்சான் நடுவில் புகுந்து, "நான் குடுக்கறேன் மாமா" என்றான். மகள் அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

நான் நீட்டினேன். அந்த அம்மா தட்டின் அந்தப் பக்க ஓரத்தை இரண்டு விரல்களால் பிடித்தார். ஜெராக்ஸ் கடையில் தாள் வாங்குகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும், அந்தப் பிடிதான். ஆனால் தாள் அல்ல, கனமான தட்டு. தேங்காய் உருண்டது, தட்டு சாய்ந்தது. ஆடிக்கு முந்தின நாளில், சம்பந்தம் பேசுகிற தட்டு தரையில் விழுவதா? அவர் பதறி, கையை உள்ளே நகர்த்தி, தட்டோடு சேர்த்து என் விரல்களையும் அழுத்திப் பிடித்தார். தட்டு நிமிர்ந்தது. விரல்கள் அங்கேயே இருந்தன, தேங்காய் அடங்கும்வரை.

பிறகு தட்டை ஓரமாக வைக்கச் சொல்லி என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். தேங்காயில் ஈரம் இருந்தது உண்மை. அதனால்தான் துடைத்தார் என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணம் ஆவணியில்.